குளியலறைத் தாழ்ப்பாள்

ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அந்த வீட்டுக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் கழற்றப்பட்டது. கழற்றச் சொன்னவள் தாய். கழற்றியவர் தந்தை. ஒரு வார்த்தைகூடக் கேட்கப்படாதவள் மகள். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதுவந்த பெண் ஒருத்தி, தான் குளிக்கும் அறையின் கதவைத் தாழிட்டுக்கொள்ளக் கூடாது என்று அவளுடைய வீடே தீர்ப்பு வழங்கிற்று. இக்கதையின் முறையீடு இதுதான். மற்றவையெல்லாம் இதற்கு முன்னும் பின்னும் நடந்தவை.

தாய், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். தைத்து முடித்த சட்டைகள் குழல்விளக்கின் கீழே நீண்ட மேசையில் வந்து குவியும். காலரைப் புரட்டி, தையலை இழுத்துப் பார்த்து, பித்தான் துளைக்குள் விரலை நுழைத்து, குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது அவளுடைய வேலை. அம்பு ஒட்டிய சட்டை பெட்டிக்குப் போகாது. மற்றவர்கள் இரண்டு முறை தடவியும் தட்டுப்படாத குறை, அவள் கை பட்டதும் தானாக வந்து சரணடையும். தையற்பெண்கள் அவளுக்கு இட்ட பெயர் ‘பூதக்கண்ணாடி’. அதை ஏளனமாகக் கொள்ளாமல் பட்டமாகவே அவள் சுமந்து திரிந்தாள்.

மகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லிஃப்ட் மெக்கானிக்கான தந்தை, வீட்டுக்கு யார் வந்தாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்:

“ஒருத்தி பூதக்கண்ணாடி, இன்னொருத்தி மூக்குக்கண்ணாடி. நடுவுல நான் ஒருத்தன் கண்ணு தெரியாம முழிச்சிட்டிருக்கேன்.”

அவர் சொன்னது வேடிக்கைக்காக. உண்மையும் அதுவேதான். மகளுக்கு வந்த நோயை அவர் காணவில்லை, தாய்தான் கண்டுபிடித்தாள். அலமாரியில் மடித்து வைத்த துணிகளுக்கு அடியில் பிஸ்கட் உறைகள் கிடந்தன. முழு ரொட்டிப் பாக்கெட் ஒன்று ஒரே மாலையில் காணாமற்போயிற்று. உணவு முடிந்த கையோடு மகள் குளியலறைக்குள் போவாள். குழாய் ஓடத் தொடங்கும். தண்ணீரின் ஓசைக்கு அடியில் இன்னோர் ஓசை மறைந்திருப்பதை, நல்ல துணிக்குள் மறைந்த கோணல் தையலைக் கண்டுபிடிப்பதுபோல், தாயின் காது கண்டுபிடித்தது. வாந்தி. மருத்துவரிடம் இழுத்துப் போனபோது அவர் நோயின் பெயரைச் சொன்னார்: புலிமியா. நிறுத்த முடியாமல் உண்பதும், உண்டபின் அச்சம் மேலிட்டு அதை வெளியேற்றுவதும் அந்நோயின் இயல்பு என்று விளக்கினார்.

“பேரைக் கேட்டா புலி மாதிரி இருக்கு, ஆளைப் பாத்தா பூனை மாதிரி இருக்கா,” என்றார் தந்தை. யாரும் சிரிக்கவில்லை.

அந்த நோயால் மகள் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டாள். சிகிச்சை தொடங்கிய பின் கடை வேலைக்குப் போனாள். வேளை தவறாமல் உண்டாள். “இப்ப பரவாயில்லம்மா” என்று சொல்லவும் தொடங்கினாள். தாய்க்கு அந்தப் ‘பரவாயில்ல’ உறுத்திற்று. தொழிற்சாலையில் தையற்பெண்கள் எந்தச் சட்டையைப் ‘பரவாயில்ல மேடம்’ என்று சொல்லித் தள்ளிவிடப் பார்க்கிறார்களோ, அதைத்தான் அவள் இரண்டாம் முறையும் புரட்டிப் பார்ப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, காலை உணவு முடிந்ததும் மகள் குளியலறைக்குள் போனாள். தாய் கதவைத் தட்டினாள்.

“குளிக்கிறேம்மா.”

“சாப்பிட்ட வாய் காயல, அதுக்குள்ள என்ன குளியல்?”

தண்ணீர் மட்டும் ஓடிற்று. தாய் கணவரிடம் திரும்பினாள்.

“என்னங்க, அந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துட்டு வாங்க. அவ வெளிய வந்ததும் இந்தத் தாழ்ப்பாளைக் கழட்டுங்க.”

“வயசுப் பொண்ணும்மா அவ.”

“வயசுப் பொண்ணு உள்ள மயங்கி விழுந்து செத்துக் கிடந்தா என்ன பண்ணுவீங்க? லிஃப்ட் வச்சுத் தூக்குவீங்களா?”

அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்தார். தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணிகளோடு சேர்த்துப் பழந்துணியில் முடிந்து, கருவிப் பையின் அடியில் போட்டுக்கொண்டார். ஈரத் தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த மகள் ஒன்றே ஒன்று சொன்னாள்:

“பத்திரமா வைங்கப்பா. தொலைஞ்சுடப் போகுது.”

கதவில் திருகாணித் துளைகள் மட்டும் எஞ்சின. தாய்க்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்; வரவில்லை. மாறாக, ஐயம் முன்னினும் பெருத்தது. முன்பெல்லாம் உணவுக்குப் பின் மட்டுமே ஓடிய குழாய், இப்போது காலையில் ஓடிற்று. கடையிலிருந்து வந்ததும் ஓடிற்று. முகம் கழுவும் சிறு நேரத்திலும் ஓடிற்று. நோய் முற்றிவிட்டது என்று தாய் முடிவு கட்டினாள். கதவுக்கு வெளியே, துணி காயப்போடுபவள்போல், துடைப்பத்தைத் தேடுபவள்போல், ஏதாவதொரு சாக்கில் நின்று காது கொடுத்தாள்.

மூளை ஆய்வு நிலையம் பற்றிய செய்தியை மகள் கொண்டுவந்தது இந்த வேளையில்தான். அவளுடைய மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். உணவின்மீது மனிதருக்கு உள்ள கட்டுப்பாடு மூளையில் எவ்வாறு நடக்கிறது, புலிமியா உள்ளவர்களிடம் அது மாறுபடுகிறதா என்று அங்கே ஆராய்ந்தார்கள்.

“வயித்துக் கோளாறுக்கு மண்டையை எதுக்கு ஆராயறாங்க? உன்னை வச்சு என்னத்தையோ பண்ணப் போறாங்க. நானும் வரேன்,” என்றாள் தாய்.

நிலையம், மருத்துவமனைக் கட்டடம் ஒன்றின் பின்புறத்தில் இருந்தது. சுண்ணாம்பு வெள்ளைச் சுவர்கள், தேய்த்துத் தேய்த்துப் பளபளத்த தரை, சுவருக்கு அப்பாலிருந்து இடைவிடாது கேட்கும் எந்திரத்தின் தட்டல். ஆய்வு மருத்துவர் ஒல்லியான, நடுவயதுப் பெண்மணி. வெள்ளைக் கோட்டின் பையில் பேனா கசிந்த நீலக் கறை இருந்தது. தாயின் கண் முதலில் சென்றது அந்தக் கறைக்குத்தான்.

“உங்க பொண்ணு இந்த எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள படுத்திருப்பாங்க. முன்னாடி ஒரு திரை. அதுல அம்பு வரும். எந்தப் பக்கம் காட்டுதோ, அந்தப் பக்கப் பொத்தானை அழுத்தணும். நடுவுல ‘பீப்’னு ஒரு சத்தம் வந்தா அழுத்தக் கூடாது. அழுத்தப் போன கையை நிறுத்திக்கணும். அந்த நேரத்துல மூளையில எந்தெந்தப் பகுதி வேலை செய்யுதுன்னு படம் எடுப்போம்,” என்றார் மருத்துவர்.

“சாப்பாட்டுக்கும் பொத்தானுக்கும் என்ன சம்பந்தம்?”

“ரெண்டும் நிறுத்திக்கிற வேலைதானே அம்மா? வயிறு நிறைஞ்சிருக்கும்போது ஒரு நாள், வெறும் வயித்துல ஒரு நாள். பசி வந்தா நிறுத்திக்கிற சக்தி மாறுதான்னு பாக்கணும். நோய் இருக்கிறவங்க, இல்லாதவங்க, ரெண்டு பேரையும் பாக்கறோம்.”

தந்தைக்கு ஆர்வம் பிறந்துவிட்டது. “லிஃப்ட்ல கரன்ட் போனா பிரேக் தானா பிடிச்சுக்கும் டாக்டர். மனுசனுக்கு எப்படி?”

“அதான் சார் கேள்வி. விடை தெரிஞ்சா இந்த மெஷினை இழுத்து மூடிட்டு நானும் வீட்டுக்குப் போயிடுவேன்.”

தாய் சிரிப்பில் சேரவில்லை. “சிகிச்சை பாக்கிற டாக்டர் வேளை தவறாம சாப்பிடச் சொல்றாரு. நீங்க பட்டினி கிடக்கச் சொல்றீங்க. நாங்க யார் பேச்சைக் கேக்கறது?”

“நியாயமான கேள்வி. அவர் சரின்னு சொன்ன பிறகுதான் நான் கூப்பிட்டேன். ஒரே ஒரு தடவை. படம் எடுத்து முடிஞ்சதும் இங்கயே சாப்பாடு. நடுவுல முடியலைன்னா, எப்ப வேணாலும் நிறுத்திக்கலாம்.”

“யாரு, இவளா? நிறுத்தத் தெரிஞ்சா இங்க எதுக்கு வரப்போறா?”

மகள் தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். மருத்துவர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. அது உண்மையான்னு பாக்கணும்ல அம்மா?”

வெறும் வயிற்று நாளுக்கு ஒரு விதி இருந்தது. முந்திய மாலை முதல் உண்பதோ வாந்தி எடுப்பதோ நேர்ந்தால், அன்று படம் எடுக்கப்பட மாட்டாது.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் தாய்.

“கேப்போம்.”

“கேட்டா?”

“சொல்லுவாங்க.”

“அவ்வளவுதானா!”

தாய்க்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து நிலையத்தின் கழிவறையைத் தேடிப் போனாள். கதவின் உட்புறத்தில் எஃகுத் தாழ்ப்பாள் ஒன்று பளபளத்தது. தள்ளினாள், போயிற்று. இழுத்தாள், வந்தது. வெளியே வந்து ஆய்வு மருத்துவரை மடக்கினாள்.

“இப்படிப்பட்ட பிள்ளைங்க வந்து போற இடம். உள்ள தாழ்ப்பாள் வச்சிருக்கீங்க?”

“பாத்ரூம்னா தாழ்ப்பாள் இருக்கத்தானேம்மா செய்யும்?” என்றார் மருத்துவர், கேள்வி விளங்காதவராய்.

மகள் இருவரையும் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வயிறு நிறைந்த நாளின் படம் அன்றே எடுக்கப்பட்டது. கதவு மூடிய அறையில் மருத்துவர் மகளிடம் நெடுநேரம் பேசினார். என்ன பேசினீர்கள் என்று தாய் கேட்டதற்கு, ‘அது எங்களுக்குள்ள அம்மா’ என்ற விடைதான் கிடைத்தது. பெற்றவளுக்குச் சொல்லாததை இந்தக் கறைக்கோட்டுக்காரியிடம் சொல்கிறாளே என்று தாயின் உள்ளம் கொதித்தது.

வெறும் வயிற்று நாளுக்கு முந்திய மாலையில், மகள் தானாக வந்து அடுக்களையில் நின்றாள்.

“அம்மா, காலேஜைப் பாதியில விட்டேன். டைப்பிங் கிளாஸையும் விட்டேன். இதையாவது முழுசா முடிக்கணும். அங்க யாரும் என்னை வாயைக் கட்டத் தெரியாதவன்னு சொல்லல. நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்னை நம்பேன்.”

“நம்பாம எங்க போறேன்?” என்றாள் தாய். அவ்வாறு சொல்லிக்கொண்டே, ரொட்டிப் பாக்கெட்டை எடுத்து மேல்தட்டில் வைத்தாள். மகள் அதையும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் குழாய் ஓடிற்று.

தாய், கையில் காய்ந்த துண்டோடு கதவருகே நின்றாள். தண்ணீர் பக்கெட்டில் விழுந்து, நிறைந்து, வழிந்தது. இடையே ஓர் இருமல், மீண்டும் தண்ணீர். கதவு திறந்தபோது மகளின் கண்கள் சிவந்திருந்தன.

“உள்ள என்ன பண்ணின?”

“பல் தேச்சேன்.”

“பல் தேய்க்க ஒரு பக்கெட் தண்ணியா?”

மகள் கதவின் திருகாணித் துளைகளைப் பார்த்தாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தொழிற்சாலையில் அன்று தாயின் விரல்கள் வேலையில் நிலைக்கவில்லை. இருமல் காதிலேயே நின்றது. சட்டைக்குச் சட்டை அம்பு ஒட்டினாள். தையற்பெண் ஒருத்தி, திருப்பி அனுப்பிய சட்டையோடு மேசைக்கே வந்துவிட்டாள்.

“மேடம், எங்க ஓட்டை? இது நூல் துணுக்கு. பாருங்க.” உஃப் என்று ஊதினாள். துணுக்கு பறந்துபோயிற்று. “பூதக்கண்ணாடிக்கே கண்ணாடி போடணும் போலிருக்கே!”

வரிசை முழுவதும் சிரித்தது. தாய் அம்பை உரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். ஆய்வு மருத்துவரின் எண்மீது விரல் சற்றுத் தயங்கிற்று, பிறகு அழுத்திற்று.

“டாக்டர், என் பொண்ணு இன்னைக்குக் காலைல வாந்தி எடுத்தா. உங்ககிட்ட மறைச்சிருப்பா.”

“பாத்தீங்களாம்மா?”

“காதால கேட்டேன்.”

“சரிம்மா.” அவ்வளவே. பொய்யைப் பிடித்துவிட்ட நிறைவு, படியேறி மேசைக்குத் திரும்புவதற்குள் கரைந்துவிட்டது. அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தாய் நிலையத்துக்கு விரைந்தாள்.

மகள் தாழ்வாரத்து நாற்காலியில், ஸ்கேனுக்கு உடுத்தும் நீல அங்கியோடு உட்கார்ந்திருந்தாள். மடியில் மூடிவைத்த உணவுத் தட்டு. அருகில், வேலையிடத்திலிருந்து நேரே வந்த தந்தை, கருவிப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். மகள்தான் அழைத்திருந்தாள். ஆய்வு மருத்துவர் அனைவரையும் தம் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். மகள் தாயைப் பார்த்துச் சொன்னாள்:

“மெஷினுக்குள்ள சத்தம் கேட்டா நான் கையை நிறுத்தணும். உனக்குச் சத்தம் கேட்டா உடனே அழுத்தணும். இல்லம்மா?”

“நீ வாந்தி எடுக்கலைன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

“எடுக்கல. பிரஷ் தொண்டையில பட்டு இருமினேன், அவ்வளவுதான்.”

“அப்புறம் எதுக்குக் குழாயை அப்படித் திறந்துவிட்ட? காலை, சாயங்காலம், எப்பப் பாத்தாலும் தண்ணி, தண்ணி, தண்ணி!”

“தாழ்ப்பாள் இல்லையே அம்மா!” மகளின் குரல் உடைந்தது. “உள்ள ஆள் இருக்குன்னு எப்படித் தெரியும்? நீங்க கழட்டின மறுநாளே அப்பா தெரியாம கதவைத் தள்ளிட்டு வந்துட்டாரு. ரெண்டு பேரும் மூஞ்சி கொடுத்துப் பேச முடியாம திரிஞ்சோம். அன்னைல இருந்து தண்ணியைத் திறந்துவிட்டுட்டுத்தான் உள்ள நிக்கறேன். சத்தம் கேட்டா யாரும் வரமாட்டாங்கன்னு.”

தந்தை தொண்டையைச் செருமினார். “நானுந்தான் திறந்துவிடறேன்.”

“என்னது?”

“குழாயைத்தான். திறந்துவிட்டுட்டுப் பாட்டு வேற பாடறேன். நீ கேட்ட தண்ணியில பாதி என் தண்ணி. என்மேல மட்டும் ஏன் சந்தேகப்படல?”

தாய்க்கு, தானும் அந்த ஜூன் மாதம் முதல், குளிக்கப் போனால் பக்கெட்டை வேண்டுமென்றே தரையில் இழுத்து ஓசையெழுப்புவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் ஐயம் அவ்வளவு எளிதில் இறக்கிவைக்கும் சுமையன்று. “அப்ப சுத்தமா நின்னுடுச்சுங்கறியா? ஒரு தடவைகூட இல்ல?”

மகள் மருத்துவரைப் பார்த்தாள்.

“இருந்துச்சு. போன மாசம். இவங்ககிட்டச் சொல்லிட்டேன்.”

“பாத்தீங்களா! நான் சொன்னேனா இல்லையா?”

“அது வீட்ல இல்லம்மா. கடையில. அன்னைக்கு நான் எந்தக் குழாயையும் திறக்கல. நீ கதவுக்கு வெளிய நின்ன நாள்ல ஒண்ணும் நடக்கல. நடந்த நாள்ல நீ அங்க இல்ல. என்கிட்ட வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இவங்க கேட்டாங்க.”

ஆய்வு மருத்துவர்தான் பேசினார்.

“நான் உங்க பொண்ணு சொல்றதை நம்பறேன். ஆனாலும் இன்னைக்குப் படம் எடுக்க முடியாது. ஒரு சந்தேகம்னு வந்துட்டா, அன்னைக்குப் படத்தை ஆய்வுல சேத்துக்கக் கூடாதுங்கறது எங்க விதி. இன்னொரு நாள் தரேன். அவங்க வரணும்.”

“வரமாட்டேன்,” என்றாள் மகள். “இன்னொரு ராத்திரி வெறும் வயித்தோட அந்த வீட்ல, அம்மா காதுக்குப் பக்கத்துல, என்னால முடியாது. வரணும்னா எனக்கு ஒரு கதவு வேணும்.”

தந்தை குனிந்தார். கருவிப் பையின் அடியிலிருந்து பழந்துணி முடிச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். முடிச்சுக்குள் திருகாணிகள் கலகலத்தன. அத்தனை நாளும் லிஃப்டுக்கு லிஃப்ட், மாடிக்கு மாடி அதைச் சுமந்து திரிந்திருக்கிறார்.

தாய் அதைப் பார்த்தபடி நின்றாள். மருத்துவரிடம் கேட்ட குரலில் பழைய மிடுக்கு இல்லை. “மாட்டிட்டா, உள்ள ஏதாவது ஆனா?”

“பயம் நியாயந்தான். சாப்பிட்ட பிறகு அவங்க கூட உக்காருங்கம்மா. பேசுங்க, டிவி பாருங்க, சண்டைகூடப் போடுங்க. கதவுக்கு வெளிய மட்டும் நிக்காதீங்க.”

தாய் அந்த முடிச்சைத் தானே எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு மகளின் மடியிலிருந்த தட்டைத் திறந்தாள். “முதல்ல சாப்பிடு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்.” மகள் ரொட்டியைப் பிய்த்தாள். தாய் அவள் வாயைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள். சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

அன்று மாலையே தாழ்ப்பாள் ஏறிற்று. பழைய துளைகள் பெருத்துப் போயிருந்ததால், தந்தை தீக்குச்சிகளை முறித்து அடைத்துத் திருகாணியை முறுக்கினார்.

“கோணலா இருக்கு. கழட்டி மறுபடி மாட்டுங்க,” என்றாள் தாய்.

“கழட்டுன்னா கழட்டணும், மாட்டுன்னா மாட்டணும். அம்பு ஸ்டிக்கர் ஒண்ணு ஒட்டிடேன்,” என்றார் அவர். மகள் சிரித்தாள்.

அடுத்த வெறும் வயிற்று நாள் வந்தது. காலையில் மகள் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் ஓடவில்லை. வீடு முழுவதும் அமைதி. குழாயின் ஓசையைக் காட்டிலும் அந்த அமைதி தாயை வாட்டிற்று. காதுக்குப் பிடிகொடுக்க ஒன்றுமே இல்லை. அவள் அடுக்களைக்குப் போய், துடைத்த அடுப்பையே மறுபடியும் துடைத்தாள். மகள் வெளியே வந்ததும், முகத்துக்கு நேரே கேட்டாள்.

“இன்னைக்கு?”

“இல்லம்மா.”

“சரி.”

எத்தனையோ ஆயிரம் சட்டைகளுக்குச் சொல்லிப் பழகிய சொல்தான். அன்று அதைச் சொல்ல அவளுக்கு வியர்த்துவிட்டது. மகள் நிலையத்துக்குப் போனாள். படம் எடுத்து முடித்துவிட்டு வந்தாள். படம் என்ன சொல்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இன்னும் பலரின் படங்கள் சேர்ந்தால்தான் தெரியும் என்றார் ஆய்வு மருத்துவர். தாய்க்கு ஐயம் முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அவள் இப்போது கேட்கிறாள், அவ்வளவுதான். மகள் சில நாள் ‘இல்ல’ என்கிறாள். ஒரு நாள் ‘ஆமா’ என்றாள். அந்த ‘ஆமா’வைக் கேட்டுவிட்டுத் தாய் அவளோடு உட்கார்ந்திருந்தாள்.

இதைப் படித்து முடித்த நீங்கள், எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எந்தக் கதவின் தாழ்ப்பாளை, யாருடைய நன்மைக்கென்று சொல்லிக் கழற்றி வைத்திருக்கிறீர்களோ, அதை எடுத்துவாருங்கள். இன்றே மாட்டுங்கள். மாட்டியபின் அக்கதவுக்கு வெளியே நிற்காதீர்கள். உள்ளிருந்து வருபவரிடம் நேரே கேளுங்கள். அவர் சொல்லும் விடையை ஏற்றுக்கொண்டு, அவர் அருகில் உட்காருங்கள்.